அண்ணியின் குரல் எட்டிய தூரம்

எங்கள் கம்பெனி பஸ் ஒரகடத்தில் கிளம்பி வாலாஜாபாத்துக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு டீக்கடை ஓரமாக நின்றுவிடும். ரிப்பேர் இல்லை, டிராஃபிக் இல்லை, யாரும் இறங்குவதும் இல்லை. டிரைவர் அண்ணன் என்ஜினை அணைத்துவிட்டு ரேடியோ சத்தத்தைக் கூட்டுவார். அந்த டீக்கடையைத் தாண்டினால் காலேஜ் ரேடியோ எடுக்காது, வெறும் இரைச்சல்தான். முதல் ஷிஃப்ட் முடித்துக் களைத்து வந்த கூட்டம், அதில் வரும் நாடகம் முடிகிறவரை மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கும். தூங்குகிறவர்களைக்கூடப் பக்கத்தில் இருப்பவர் "ஏய், கத போட்டாச்சு" என்று தட்டி எழுப்புவார். யாராவது கேட்டால் ரயில்வே கேட் மூடியிருந்தது என்று சொல்லிக்கொள்வது எங்களுக்குள் ஒப்பந்தம்.

நாடகத்தை எழுதியதும், மைக் முன்னால் உட்கார்ந்து சொன்னதும் என் அண்ணி. அந்த பஸ்ஸில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கோ ஒரு விஷயத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும் சாமர்த்தியம் பிறவியிலேயே கிடையாது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று அண்ணி சத்தியம் வாங்கியிருந்ததால், தினமும் அந்த டீக்கடை ஓரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் லைனில் வேலை செய்யும் திருநெல்வேலிப் பெண் ஒருத்தி என் பக்கத்து சீட்டில் வருவாள். அவள்தான் என்னை அதிகம் சோதித்தவள்.

"எக்கா, இந்தக் கத சொல்லுதவிய எங்கூருப் பக்கம்தான். பேச்சுலயே தெரியுதுல்லா. எங்க கோயில்ல வேதம் வாசிக்கிற டீச்சர் இப்படித்தான் இழுத்து வாசிப்பாவ."

பின்சீட்டிலிருந்து ஒருவர், "இல்லம்மா, அது சிலோன் தமிழு. எனக்கு நல்லாத் தெரியும்" என்பார். இன்னொருவர் நாகர்கோவில் என்று பந்தயம் கட்டுவார். டிரைவர் அண்ணன் திரும்பாமலே, "யாரா வேணா இருந்துட்டுப் போவட்டும், இன்னா கொரலுடா அது" என்று முடித்துவைப்பார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சிரிப்பும் பெருமையும் ஒன்றாக வரும்.

என் அண்ணி திருநெல்வேலியும் இல்லை, சிலோனும் இல்லை. ஆப்பிரிக்காவில், கானா நாட்டில், ஒரு துறைமுக ஊரில் பிறந்தவர். கறுப்பினப் பெண். அங்கே அவர் பெயர் பெற்ற நாடக ஆசிரியர், ரேடியோக்காரர். என் அண்ணன் அந்த ஊர் இரும்பு ஆலையில் வேலைக்குப் போனவன், அந்த பாஷையைக் கற்றுக்கொள்வதற்காக ரேடியோ நாடகம் கேட்க ஆரம்பித்தான். பாஷை வந்ததோ இல்லையோ, குரலில் விழுந்துவிட்டான். எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு உப்பு போதவில்லை என்றுகூட வாய் திறந்து சொல்லாத ஆள், ரேடியோ நிலைய வாசலில் போய் நின்று அந்தக் குரலின் சொந்தக்காரியைப் பார்த்துப் பேசி, பிறகு கல்யாணமும் செய்துகொண்டான் என்பதை நாங்கள் ரொம்ப நாள் நம்பவில்லை. ஃபோட்டோ வந்த பிறகுதான் நம்பினோம்.

ஃபோட்டோவை அம்மா கண்ணாடி போட்டும் பார்த்தாள், கழற்றியும் பார்த்தாள். பென்னலூரில் நாங்கள் பல தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். மருமகளும் கிறிஸ்தவள் என்பதால் அந்தப் பக்கம் வாயைத் திறக்க வழியில்லை. "நாமளும் கருப்புதான். இல்லேன்னு சொல்லல" என்று ஆரம்பித்துவிட்டு, எப்படி முடிப்பது என்று தெரியாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். மாமா ஒருவர், "கானாவா? சாவுக்குப் பாடுவாங்களே, அந்த கானாவா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அண்ணனுக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்து இருவரும் வந்து இறங்கியபோது, ஏர்போர்ட்டிலிருந்து வருகிற வழியெல்லாம் அண்ணி சுவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஸ்ரீபெரும்புதூருக்குள் நுழைந்ததும் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். எதிரே ஒரு பெரிய ஃப்ளெக்ஸ். கண்ணீர் அஞ்சலி. யாரோ ஒரு பெரியவர் வெள்ளைச் சட்டையில், சுற்றிலும் மாலை, கீழே வரிசையாக உறவினர்கள் ஃபோட்டோ. அண்ணிக்கு முகமெல்லாம் சந்தோஷம். எங்கள் ஊரிலும் இப்படித்தான், செத்தவர் ஃபோட்டோவைத் தெருவெல்லாம் ஒட்டுவோம் என்று அண்ணனிடம் ஆங்கிலத்தில் சொன்னார். வந்து இறங்கின முதல் நாளே சாவு போஸ்டரைப் பார்த்துச் சிரிக்கிற மருமகளை எங்கே கண்டிருக்கிறோம்! அம்மா பின்சீட்டில் ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பின் காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவர் ரேடியோ வாழ்க்கை தொடங்கியதே சாவுச் செய்தியில்தானாம். அந்த நாட்டில் யாராவது இறந்தால் ரேடியோவில் வாசிப்பார்கள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு அந்த வேலை கிடைத்திருக்கிறது. இன்னார் இறந்தார், அடக்கம் எப்போது, பிள்ளைகள் யார் யார். மற்றவர்கள் கடகடவென்று வாசித்துவிட்டுப் போவார்களாம். அண்ணி மட்டும், அந்த மனிதர் என்ன வேலை செய்தார், எதற்குச் சிரிப்பார் என்று வீட்டாரை இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வாசிப்பாராம். "செத்ததைச் சொல்லும்போது, அவர் வாழ்ந்தது கேட்கணும்" என்று பின்னாளில் எனக்குத் தமிழில் சொன்னார். அந்த இரண்டு கேள்விகளிலிருந்துதான் நாடகம் முளைத்தது. அவர் அம்மா சந்தையில் மீன் சுட்டு விற்றவர். சந்தைச் சண்டைகளை வைத்தே முதல் ரேடியோ நாடகம். அது பிடித்துப்போக, அடுத்தடுத்து எழுதி, நடிகர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக மேடை போட்டிருக்கிறார். டாக்ஸிக்காரர்கள் அவர் குரலைக் கேட்டுவிட்டால் காசு வாங்க மாட்டார்களாம்.

அப்படிப்பட்டவர் பென்னலூருக்கு வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எனக்குப் பார்க்கப் பொறுக்காது. "இங்க வந்து மாட்டிக்கினீங்களே அண்ணி" என்பேன். அவர் என்னை அம்மா கூப்பிடுவதுபோலவே "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமாகி வாலாஜாபாத் போய், கம்பெனியில் பத்துப் பேரை மேய்க்கிறவளைப் பாப்பா என்று கூப்பிட இந்த உலகத்தில் இரண்டே பேர்.

தமிழை அவர் பிடித்த வேகம் என்னைப் பயமுறுத்தியது. ஒரு பக்கம் வேதாகமம், இன்னொரு பக்கம் அம்மா. அதனால் வந்த தமிழும் அப்படித்தான் இருந்தது. ஒரு வாக்கியத்தில் "நிச்சயமாகவே" என்பார், அடுத்ததில் "இன்னாத்துக்கு" என்பார். திருநெல்வேலிக்காரி ஏமாந்தது இதில்தான்.

ஒருநாள், எனக்கு வந்து தவறிய வரன்களைப் பற்றி அம்மா பெருமூச்சோடு பேசிக்கொண்டிருந்தாள். 'பெண் மாநிறம்' என்று எழுதியும் ஒன்றும் நடக்காத கதை. அண்ணி கீரையை வைத்துவிட்டு, "மாநிறம்னா எந்த நிறம்?" என்று கேட்டார்.

"பொண்ணு கருப்புன்னு சொல்ல வெக்கப்படுற நிறம்" என்றேன்.

அண்ணி சிரித்த சிரிப்பில் அம்மாவும் சிரித்துவிட்டாள். அம்மா அந்த விஷயத்துக்காகச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க அண்ணி டவுன் பஸ்ஸில் போய்வர ஆரம்பித்தார். பஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "எனக்கு மட்டும் ரெண்டு சீட்டு தராங்க பாப்பா, மகாராணி மாதிரி" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கண்டக்டரைப் போய் ஒரு பிடி பிடிக்கிறேன் என்றேன். கண்டக்டர் என்ன செய்வார், விடு என்றார். நானும் விட்டுவிட்டேன்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு எங்கள் சபைக் கமிட்டி வீட்டுக்கு வந்தது. அண்ணியை கௌரவிக்க வேண்டும் என்று நிஜமாகவே நினைத்துத்தான் வந்தார்கள். குடிலில் வைக்கும் பொம்மைகளில், குழந்தை இயேசுவைக் காண வரும் சாஸ்திரிகள் மூவரில் ஒருவர் கருப்பாக இருப்பார் அல்லவா, அந்த வேஷத்தை அண்ணிக்கு ஒதுக்கியிருந்தார்கள். "சிஸ்டருக்கு மேக்கப்பே வேணாம், அப்படியே வந்து நின்னா போதும்" என்றார் ஒருவர். நான் எழுந்தே விட்டேன். அண்ணி என் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்து, "நான் ஏரோது ராஜாவா வரேன்" என்றார்.

வந்தார். சிரித்துக்கொண்டே குழந்தைகளைக் கொல்லச் சொல்லும் ஏரோதை அதுவரை எங்கள் சபை பார்த்ததில்லை. கத்தவே இல்லை, சாப்பாடு எடுத்துவை என்பதுபோல மெல்லச் சொன்னார். முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் வீறிட்டு அழுதன. பாஸ்டர் ஜெபத்தைச் சீக்கிரம் முடித்தார்.

அன்று கூட்டத்தில் இருந்தவர்தான் காலேஜ் ரேடியோவின் மேலாளர். பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ் நடத்துகிற சமுதாய வானொலி அது. சுற்று வட்டாரப் பெண்களைப் பேசவைப்பார்கள். அவர் அண்ணியை அழைத்து, 'அயல்நாட்டுச் சமையல்' என்று ஒரு நிகழ்ச்சி செய்யச் சொன்னார். அண்ணி சமையல் குறிப்போடு போகவில்லை. ஒரு நாடகத்தோடு போனார்.

நாடகம் இதுதான். ஒரு கம்பெனி பஸ். அதில் ஒரு சீட்டு எப்போதும் காலி. எவ்வளவு கூட்டமானாலும், நின்றுகொண்டே வருவார்களே தவிர அதில் யாரும் உட்கார மாட்டார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு பயணி அதற்கு ஒரு காரணம் சொல்வார். சீட்டு கிழிந்திருக்கிறது என்பார் ஒருவர். வேலையை விட்டுப்போன ஒரு பெண்ணின் சீட்டு, அவள் திரும்பி வருவாள் என்பார் ஒருவர். மழை பெய்தால் அங்கேதான் ஒழுகும் என்பார் இன்னொருவர். காரணம் சொல்லச் சொல்ல அந்த ஆளின் கதையும் வெளியே வந்துவிடும். ஊரில் அடமானம் வைத்த நிலம், ஓடிப்போன காதல், லாட்ஜ் ரூமில் ஷிஃப்ட் மாற்றி ஒரே பாயில் படுக்கிறவர்கள், எல்லாம் வரும். பேசுகிற அத்தனை பேரும் அண்ணியேதான். ஆண், பெண், ஒடிசாப் பையன், சூப்பர்வைசர் என்று குரல் மாறிக்கொண்டே இருக்கும். நடுவில் கதைசொல்லி ஒருத்தி, தான் கேட்டதை நமக்குச் சொல்லிக்கொண்டு வருவாள்.

கம்பெனி கேன்டீன் முழுக்க இதே பேச்சாகிவிட்டது. எங்கள் லைன் சூப்பர்வைசர், டார்கெட் தவிர வேறு எதையும் பேசாத மனிதர், என் டேபிளுக்கு வந்து, "செத்துப்போன பொண்ணோட சீட்டும்மா அது. கடைசியில ஆவி வரும் பாருங்க" என்று ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் அண்ணியிடம் கேட்டால், எனக்கும் தெரியாது, எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று கண்ணடிப்பார்.

முகத்தைக் காட்டாமல் இருந்தது அவருடைய சொந்த முடிவுதான். "முதல்ல காது பழகட்டும் பாப்பா. கண்ணு மெதுவா வரட்டும்." கானாவில், குரலை மட்டும் கேட்டு இவரைப் பெரிய உடம்புக்காரி என்று நினைத்துக்கொண்டு பார்க்க வந்தவர்கள், ஒல்லியாக இருப்பதைப் பார்த்துச் சண்டையே போட்டிருக்கிறார்களாம். ரேடியோக்காரர்களுக்கு இது எப்போதும் உள்ள தொல்லை என்றார். கடைசிப் பகுதியை ரேடியோவின் ஆண்டுவிழாவில், நேயர்கள் முன்னால், நேரில் சொல்வதாக மேலாளரிடம் பேசி முடித்திருந்தார். அன்றைக்கு எல்லாருக்கும் தெரியட்டும் என்றிருந்தார். நான் அண்ணிக்குப் புதுப் புடவை எடுத்து, பிளவுஸும் தைக்கக் கொடுத்துவிட்டேன்.

விழாவுக்கு முந்தின வாரம் ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். 'உங்கள் அபிமான கதைசொல்லியை நேரில் காண வாருங்கள்.' மேலே ஃபோட்டோ. காலேஜில் நிகழ்ச்சி தொகுத்து வழங்கும் ஒரு மாணவி. பால்போல் வெளுத்த பெண், பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. நான் ரோட்டிலேயே நின்றுவிட்டேன். ஷேர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தது காதில் விழவில்லை.

நேராக ரேடியோ நிலையத்துக்குப் போனேன். மேலாளர் நல்ல மனிதர். அதுதான் சிக்கல். கெட்டவராயிருந்தால் சண்டை போட சுலபமாக இருந்திருக்கும். எனக்கு நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, பொறுமையாக விளக்கினார். மேடையில் அந்த மாணவி புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் மைக் வேலை செய்யாது. அண்ணி திரைக்குப் பின்னால் இருந்து சொல்வார்.

"அவங்கள மறைக்கிறேன்னு நெனைக்காதீங்கம்மா. ஜனங்க மனசுல ஒரு உருவத்த வெச்சிருப்பாங்க. அத நாம கலைக்கக் கூடாது. ஏமாத்திட்டோம்னு ஆயிடும். ஸ்பான்சர் வேற வராங்க."

"அந்த உருவத்த வெச்சது ஜனங்க இல்ல சார், உங்க ஃப்ளெக்ஸு" என்றேன். "வர்ற ஜனங்கள்ல எத்தினி பேரு சார் அந்தப் பொண்ணு கலரு? நான் இன்னா கலரு? நீங்க இன்னா கலரு?"

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். நான் டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

பென்னலூருக்குப் போனால் அண்ணி எழுதிக்கொண்டிருந்தார். விஷயம் அவருக்கு முன்பே தெரியும். ஒத்துக்கொண்டும் விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், யார்மேல் கோபப்படுகிறேன் என்றே தெரியாமல் கத்தினேன். தன்மானம் இல்லையா என்றுகூடக் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அங்க நான் யாருன்னு எல்லாருக்கும் தெரியும். இங்க நான் யாரு? உங்க அண்ணன் பொண்டாட்டி. ஆப்பிரிக்காக்காரம்மா. அந்த மைக்ல மட்டுந்தான் பாப்பா நான் நானா கீறேன். மாட்டேன்னு சொன்னா, கடைசிக் கதைய வேற யாராவது சொல்லுவாங்க. அப்பால எனக்கு மைக்கும் கெடையாது. சரின்னு சொல்லி வெளிய வந்தா, ஜனங்க என்னைப் பாத்துட்டு வாணாம்னு சொல்லலாம். அப்பவும் மைக் கெடையாது. ஆனா சரின்னு சொன்னா மேடைக்குப் பக்கத்துலயாவது இருப்பேன்."

எனக்கு அழுகை வந்தது. எந்தத் தேசத்திலோ லாரி நிறைய நடிகர்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர், எங்கள் ஊரில் ஒரு திரைக்குப் பின்னால் நிற்க ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது. அம்மா உள்ளேயிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு, அண்ணிக்குப் பிடிக்கும் என்று, மீனை எண்ணெயில் போடாமல் தணலில் வாட்டிவைத்தாள்.

அண்ணி மேலாளரிடம் ஒரே ஒரு பொருள் கேட்டிருந்தார். மேடையில் நாற்காலி வேண்டாம், நிஜமான பஸ் சீட்டு ஒன்று வேண்டும், இருவர் உட்காருகிற சீட்டு. எங்கள் டிரைவர் அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் கழற்றிப்போட்ட ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமலே கொடுத்தார்.

கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. ஷிஃப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையோடே வந்தவர்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், சுவர் ஓரமாக ஒடிசாப் பையன்கள். ஸ்பான்சர் முதல் வரிசையில். நானும் அம்மாவும் நடுவில். அண்ணன் உட்காராமல் வாசலிலேயே நின்றான். எனக்கு இரண்டு வரிசை முன்னால் திருநெல்வேலிக்காரி, தோழிகள் கூட்டத்தோடு. மாணவி மேடைக்கு வந்து பஸ் சீட்டின் ஜன்னலோரப் பக்கம் உட்கார்ந்தாள். விசில் பறந்தது. பாவம், அந்தப் பெண் சிரிக்கவே இல்லை. புத்தகத்தைத் திறந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

குரல் வந்தது. மண்டபம் அடங்கிப்போனது. அதுவரை வந்த அத்தனை பயணிகளையும் அண்ணி ஒருமுறை அழைத்துவந்தார். ஒவ்வொருவரும் அவரவர் காரணத்தை ஒரு வரியில் சொன்னார்கள். கிழிசல். மழை. போன பெண். எங்கள் சூப்பர்வைசர் சொன்ன ஆவியும் வந்தது; அந்த இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு கதைசொல்லி பேசினாள்.

"இவ்ளோ பேரு இவ்ளோ காரணம் சொன்னாங்க. ஒருத்தரும் என்னைக் கேக்கல. நான் தெனமும் அதே பஸ்ல ஜன்னலோரமா வரேன். அந்தக் காலி சீட்டுக்கு அடுத்த சீட்டுதான் என்னுது."

மாணவி எழுந்தாள். புத்தகத்தை மூடி, ஓரமாகப் போய் நின்றாள். அண்ணி அவளிடம் முன்பே சொல்லிவைத்திருக்கிறார் என்று எனக்கு அப்போது தெரியாது. திரை விலகியது. கையில் மைக்கோடு, நான் எடுத்துக்கொடுத்த புடவையில், அண்ணி நடந்துவந்தார். அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார். பக்கத்து இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார்.

"சீட்டு நல்லாத்தான் கீது" என்றார். "பக்கத்துல நான் கீறேன். அதான் காலி."

மகாராணிக்கு இரண்டு சீட்டு என்று அவர் சொன்னது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் முழுதாக உறைத்தது. யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் அவர் முகத்தையும் அவர் கையிலிருந்த மைக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலாளர் மேடைப் படியில் பாதி ஏறி அப்படியே நின்றார். அண்ணி மைக்கை மடியில் வைத்துவிட்டு, பஸ்ஸில் வருகிறவர்போல நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். ஓடிப்போய் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி என்றால் உடும்புப்பிடி.

"நீ போவாத" என்றாள் மெதுவாக. "நம்ம வூட்டாளுங்க போனா அது கணக்குல வராது."

அம்மா அண்ணியைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. அவள் உதடு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது. நான் நின்றபடியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. முதல் வரிசையில் ஸ்பான்சர் ஃபோனைப் பார்க்க ஆரம்பித்தார்.

இரண்டு வரிசை முன்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. திருநெல்வேலிக்காரி எழுந்துவிட்டாள். தோழிகள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார்கள்; பிடுங்கிக்கொண்டாள். படியில் நின்ற மேலாளரை "கொஞ்சம் தள்ளுங்க சார்" என்று ஒதுக்கிவிட்டு ஏறினாள். பஸ்ஸில் உட்காருகிறமாதிரி பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அண்ணி பக்கத்தில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாள். அண்ணியின் மடியிலிருந்த மைக் இன்னும் வேலை செய்துகொண்டிருந்ததால் அவள் பேசியது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"என்னக்கா நீங்க. எங்கூருன்னுல்லா பஸ்ஸு பூராம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

பின்னாலிருந்து டிரைவர் அண்ணன் குரல், "நான் இன்னா சொன்னேன், யாரா இருந்தாலும் கொரலுடா அது!" என்று வந்தது. யாரோ சிரித்தார்கள். அது வரிசை வரிசையாகப் பரவியது. சுவர் ஓரத்து ஒடிசாப் பையன்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியைக் கேட்பதுபோல, அவள் அண்ணியைப் பார்த்து நிஜமாகவே கேட்டாள்.

"சரி, சொல்லுங்க. எந்தூருக்கா உங்களுக்கு?"

அண்ணி மைக்கை எடுத்தார்.

"பென்னலூர்" என்றார்.

அம்மா அப்போதுதான் என் கையை விட்டாள்.